கூன் செங் கடையில் மத்தியானச் சாப்பாடு

கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியவில்லை. கண்ணாடியில் டச்சு மொழியில் என்னவோ எழுதியிருந்தது, பவளம் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை, வராத கதவைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது, சரி, கடையை மூடிவிட்டார்கள், நான் வந்தேன், மூடியிருந்தது, இனி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று திரும்பப் போனாள். யார் குறை சொல்லப் போகிறார்கள்? அவள் இங்கே வந்திருப்பது இந்த ரோட்டர்டாமில் ஒருவருக்கும் தெரியாது. மகள் லோகேஸிடம் இஞ்சி வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பு வைக்க நல்ல இஞ்சி வேண்டும், அது சீனர் கடைத்தெருவில்தான் கிடைக்கும், இதில் ஒன்றும் பொய்யில்லை. பொய்யில்லாத காரணம் ஒன்று கையில் இருந்தால் மனுஷர்கள் எவ்வளவு தைரியமாக வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். டிராமை விட்டு இறங்கும்போது நெற்றிப் பொட்டை எடுத்துக் கைப்பைக்குள் ஒட்டிக்கொண்டதற்குத்தான் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. தாலியைக் கம்பளிச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டதற்குக் குளிர் என்று ஒரு சாக்கு இருந்தது. பொட்டுக்கு எந்தக் குளிர்? அம்மா வீரம்மா உயிரோடிருந்தால், வெள்ளிக்கிழமையும் அதுவுமா நெத்தியத் தொடச்சிட்டு எவள பாக்கப் போறடி என்று கேட்டிருப்பாள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பையன் கதவைத் திறந்துவிட்டான். தள்ளியிருக்க வேண்டும்.

பையன் சீனத்தில் என்னவோ கேட்டான். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். முகத்தைப் பார்த்தால் கேட்கத்தானே செய்வார்கள், வெளுத்த நிறம், சின்னக் கண்கள், சப்பை மூக்கு, அச்சு அசல் சீனத்தி. ஈப்போவில் துணிக்கடைக்காரன் கேட்டிருக்கிறான், பந்திங் சந்தையில் மீன்காரி கேட்டிருக்கிறாள், அவள் தமிழில் பதில் சொன்னதும் வாயைப் பிளந்திருக்கிறார்கள். தைப்பூசத்தில் பால்குடம் எடுத்துப் போனால் வெள்ளைக்காரர்கள் அவளைத்தான் படம் பிடிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சீனத்தி சீனத்தி என்று கேலி பேசிய பிள்ளைகளை வீரம்மா பால்வெட்டுக் கத்தியோடு ரப்பர் தோட்டத்து லயத்தின் கோடிவரை துரத்திக்கொண்டு போனது இன்றைக்கும் பந்திங்கில் பேச்சு. பையனுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் பவளம் மலாயில், நான் மலேசியா, எனக்குச் சீனம் வராது என்றாள். அவன் விழித்தான். கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சட்டென்று எழுந்தாள். மலேசியாவா, மலேசியாவிலிருந்தா என்று மலாயிலேயே கத்திக்கொண்டு வந்தாள். எழுபதைத் தொடும் வயசு, கட்டையாக வெட்டிய நரைமுடி, இடுப்பில் மடித்துக் கட்டிய துணி. சியூ லான். பெயரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீரம்மா சாவதற்குப் பத்து நாள் முன்னால் சொன்ன பெயர் அது, அன்றிலிருந்து பவளத்தின் வாய்க்குள்ளேயே கிடக்கிற பெயர்.

"எந்த ஊரு நீங்க?"

"பந்திங், அக்கா."

அக்கா என்று சொல்லிவிட்டாள். மலாய்ப் பேச்சில் மூத்த பெண் யாராயிருந்தாலும் அக்காதான், காய்கறிக்காரியையும் பஸ் டிக்கெட்காரியையும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள், இருந்தும் இன்றைக்கு வாய் கூசியது. சியூ லானுக்கு ஒன்றும் கூசவில்லை. "சீனம் தெரியாதா? ஐயோ, நீங்க வாழைப்பழமா!" என்று சிரித்தாள். சீனம் பேசத் தெரியாத சீனரை மலேசியாவில் அப்படித்தான் கேலி செய்வார்கள், வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. சின்னதிலிருந்தே மலாய்ப் பள்ளிக்கூடம், மறந்துபோச்சு என்று பவளம் சொன்னாள். உள்ளே வெள்ளை இல்லை அக்கா, உள்ளே நல்ல கறுப்பு, வீரம்மா நிறம், என்று சொல்லவில்லை. "சமையல் முடிஞ்சுடுச்சு, இப்ப வீட்டுச் சாப்பாடுதான் இருக்கு. எங்க கூடவே உக்காருங்க. ஊர்க்காரங்க வந்து பசியோட போறதா?" என்று சியூ லான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிடி. வலித்தது. இதே ரத்தம்தானா என்று கை கேட்டது, கைக்கு என்ன தெரியும், தோலுக்கு ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும், சும்மா இரு என்று கையை அடக்கினாள்.

ஆஸ்பத்திரியில் வீரம்மா அதைச் சொன்ன விதம் இருக்கிறதே. கஞ்சி குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, ஒன்னப் பெத்தவ சுங்கை சிப்புட்ல கூன் செங் காப்பிக்கடைக்காரன் பொஞ்சாதி என்றாள், விளக்கை அணைத்துவிடு என்று சொல்கிற குரலில். மருத்துவச்சிதான் கொண்டுவந்து கொடுத்தாளாம், தொப்புள்கொடி கூட விழவில்லையாம், அந்த வாரமே புருஷனும் பெண்டாட்டியுமாக வேலையை விட்டுவிட்டுப் பந்திங் தோட்டத்துக்கு ஓடி வந்துவிட்டார்களாம். "கேட்டுட்டு வந்துருவாளோன்னு பயம்டி. பெத்தவளாச்சே. நான் அவ மூஞ்சியக் கூடப் பாத்ததில்ல. பாத்தா திருப்பிக் குடுக்க மனசு வந்துருமோன்னு பாக்கல." அந்தக் காப்பிக்கடைக்காரனின் மூத்த மகள் சியூ லான் ஒல்லாந்தில், ரோட்டர்டாமில், இதே பெயரில் கடை வைத்திருக்கிறாள் என்று சுங்கை சிப்புட்காரர் ஒருவர் எப்போதோ கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறார், அதையும் வீரம்மா இத்தனை வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்தாள். பவளத்துக்கு அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை. கஞ்சியைக் குடிம்மா என்றாள். தத்துப் பிள்ளை என்பது தெரியாததா, கண்ணாடி பார்க்கிற எவளுக்கும் தெரிந்த விஷயம். ஊரும் பேரும் இல்லாதவரைக்கும் அது ஒரு கதையாக இருந்தது, பேர் வந்ததும் ஒரு வீடாகிவிட்டது, வீட்டுக்கு ஒரு கதவு வந்துவிட்டது. அப்போதும் அவள் தட்டியிருக்க மாட்டாள். போன மாதம் லோகேஸின் குழந்தையை முதன்முதலில் மடியில் வாங்கியபோதுதான் அது நடந்தது. தலையில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது, தொப்புளில் கிளிப் இருந்தது, குழந்தை அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இவ்வளவுதான் நானும் இருந்திருப்பேன், இந்த விரலைப் பிரித்தெடுத்துத்தானே ஒருத்தி கொடுத்திருப்பாள், எப்படிக் கொடுத்தாள்? அந்தக் கேள்வி அன்றிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. விழுங்கினால் குத்துகிறது. சியூ லானிடம் அதைக் கேட்டுவிட்டுப் போய்விட வேண்டும், அவ்வளவுதான், சொந்தம் கொண்டாட அவள் வரவில்லை.

வட்ட மேசையில் ஏற்கெனவே ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். தலையில் கம்பளித் தொப்பி, முழங்கால்மேல் போர்வை, மேசைமேல் இரண்டு கைகள். "எங்கம்மா. எண்பத்தொம்பது வயசு. காது சரியா கேக்காது, ஞாபகமும் வந்து வந்து போவும். அப்பா போனதும் இங்க கூட்டியாந்துட்டேன்" என்றாள் சியூ லான், கிண்ணங்களை வைத்துக்கொண்டே. பவளம் உட்காரப் போனவள் பாதியில் நின்றாள். செத்திருப்பாள் என்று நினைத்திருந்தாள். ஏன் அப்படி நினைத்தாள்? வீரம்மா செத்துவிட்டதால் மற்றவளும் செத்திருக்க வேண்டும் என்று மனசு தானாகவே ஒரு கணக்குப் போட்டிருக்கிறது, இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய்விட்ட மாதிரி. உயிரோடு இருக்கிறாள். மூச்சு விடுகிறாள். உதட்டோரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது. இவளை மனசுக்குள்ளே எப்படிக் கூப்பிடுவது? கிழவி என்றுதான் வைத்துக்கொண்டாள், மரியாதைக் குறைவுதான், என்ன செய்வது, இன்னொரு சொல் வீரம்மாவுக்குக் கொடுத்தாகிவிட்டது, அவள் செத்து வருஷம்கூடத் திரும்பவில்லை. இஞ்சி போட்டு அவித்த மீன் வந்தது, கறுப்பு மொச்சையோடு வதக்கிய பாகற்காய் வந்தது, கீரை வந்தது, வெள்ளைச் சோறு வந்தது. டச்சுக்காரர்களுக்காகச் சர்க்கரையைக் கொட்டாத சாப்பாடு. குச்சிகளை எடுத்து, பிடிக்கத் தெரியாமல் கீழே வைத்து, கரண்டி கேட்டாள். சியூ லான் மறுபடியும் வாழைப்பழம் என்று சிரித்தாள். கிழவி சிரிக்கவில்லை. கிழவி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் குச்சியால் மீனின் கன்னத்துச் சதையைக் கிள்ளி எடுத்து, நடுங்கிக்கொண்டே மேசையைத் தாண்டிக் கொண்டுவந்து, பவளத்தின் கிண்ணத்தில் வைத்தாள்.

சாப்பிட்டாள். வேறென்ன செய்வாள். கிண்ணம் காலியானதும் பாகற்காய் வந்தது. அதையும் சாப்பிட்டாள், வீரம்மா வைக்கிற பாகற்காய் புளியும் வெல்லமும் போட்டது, இது கசப்பைக் கசப்பாகவே விட்டது, நாக்கு ஒரு கணம் திகைத்துப் பிறகு ஒத்துக்கொண்டது, ஒத்துக்கொண்டதில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. கிண்ணம் காலியாயிற்று. கீரை வந்தது. மீன் வந்தது. சோறு வந்தது. வீரம்மா வீட்டில் தட்டில் விழுந்ததை மிச்சம் வைக்கக் கூடாது, ஒரு பருக்கை கிடந்தாலும், யாரு தலையில கொட்டுறதுக்கு வெச்சிருக்க என்று கேட்பாள், பரிமாறியவர் முகத்தில் அடித்த மாதிரி அது. அதனால் பவளம் வழித்துச் சாப்பிட்டாள். வழிக்க வழிக்கக் கிழவி வைத்தாள். "அவங்க விட மாட்டாங்க தங்கச்சி. கிண்ணம் காலியா இருந்தா இன்னும் பசின்னு அர்த்தம். கொஞ்சம் மிச்சம் வைங்க, நிறுத்திடுவாங்க" என்றாள் சியூ லான். ஒரு வாய் மிச்சம் வைத்தால் போதும். பவளம் கரண்டியைக் கீழே வைத்துப் பார்த்தாள். இரண்டு துண்டு பாகற்காயும் கொஞ்சம் சோறும் கிடந்தன. வைக்க முடியவில்லை. வளர்த்தவளின் சொல் ஒரு பக்கம், அது போகட்டும், அவள் மன்னித்துவிடுவாள், இன்னொரு பக்கம்தான் பெரிய பக்கம், மிச்சம் வைத்தால் அந்தக் கை நின்றுவிடும். அறுபத்திரண்டு வயசுக்கு இப்போதுதான் அந்தக் கை ஒரு வாய் சோறு போடுகிறது. நிறுத்துவதா? பேராசைக்காரி மாதிரி வழித்துத் தின்றாள். வயிறு இழுத்துப் பிடித்தது, இடுப்பு நாடா அறுந்துவிடும்போல் இருந்தது. முகத்தில் ஏதாவது ஒன்று பொருந்துகிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்த்தாள், மூக்கு இல்லை, காது தொப்பிக்குள், சியூ லானின் தாடை வேறு யாருடையதோ. சீனர் எல்லாருக்கும் ஒரே மூஞ்சி என்று தோட்டத்தில் சொல்வார்கள், சீனத்தியாகப் பிறந்த இவளுக்குத் தன் தாயின் முகத்தில் தன் முகத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது கேட்டுவிடலாம். எப்படித் தொடங்குவது? நீங்கள் எத்தனை பேர் என்று தொடங்கலாம், யாரும் யாரையும் கேட்கிற கேள்விதானே. கேட்டாள். குரல் ஏதோ அடுத்த அறையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

"மூணு பொண்ணு. நாலாவது ஒண்ணு இருந்துச்சு. பாவம், புலி வருஷத்துல பொறந்தது. புலி வருஷத்துப் பொண்ணு வீட்ட தின்னுடும்னு எங்க பாட்டிமாருங்க சொல்லுவாங்க. அது வீட்ட தின்னல, அதுதான் போயிடுச்சு. காய்ச்சல். எனக்கு ஏழு வயசு, ஸ்கூல் விட்டு வந்து பாக்கறேன், தொட்டில் காலி. அம்மா செவுத்தப் பாத்து படுத்திருந்தாங்க. நான் ரொம்ப நாள் அழுதேன். அதோட வாசனை கூட ஞாபகம் இருக்கு."

சொல்லிவிட்டுச் சியூ லான் கீரையை எடுத்துக்கொண்டாள். பழைய துக்கம், காய்ந்துபோனது, சாப்பாட்டு மேசையில் வைக்கலாம். பவளத்துக்குக் காதுக்குள் இரைச்சலாக இருந்தது. செத்துவிட்டேன். இந்த வீட்டில் நான் செத்து அறுபத்திரண்டு வருஷமாகிறது, எனக்காக ஒரு சின்னப் பெண் அழுது முடித்துவிட்டாள், என் வாசனையை ஞாபகம் வைத்திருக்கிறாள். அக்கா, செத்தது நான்தான் என்று சொன்னால் என்ன ஆகும்? குச்சியைக் கீழே போடுவாள். முதலில் நம்ப மாட்டாள். நம்பியபின் திரும்பித் தன் அம்மாவைப் பார்ப்பாள், அந்தப் பார்வையைப் பவளத்தால் இங்கிருந்தே பார்க்க முடிந்தது, எண்பத்தொன்பது வயசுக்காரியின் மேல் அந்தப் பார்வை விழும், இத்தனை வருஷம் குளிப்பாட்டி, ஊட்டி, கால் பிடித்துவிட்ட மகளின் பார்வை, என்னை அழ வைத்துப் பொய் சொன்னாயே என்று. வேண்டாம். ஏன் வேண்டாம்? கொடுத்தவளுக்கு அது வேண்டியதுதான். தொட்டிலைக் காலி பண்ணியவளுக்கு ஒரு பார்வைகூட விழக் கூடாதா? ஆனால் செவுத்தைப் பார்த்துப் படுத்திருந்தாளாமே. பால் கட்டிக்கொண்டு வலித்திருக்கும். லோகேஸுக்கு ஒருநாள் கட்டிக்கொண்டதற்கே ஊரைக் கூட்டினாள். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது, லோகேஸ்தான். எடுத்தால் தமிழ் வரும், இந்த மேசையில் எப்படித் தமிழ் பேசுவது, எடுக்காவிட்டால் பயந்துவிடுவாள். எடுத்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். "மா, எங்க இருக்கீங்க? இஞ்சி வாங்கவா இவ்ளோ நேரம்? பாப்பா எந்திரிச்சிட்டா." வந்துடறேம்மா என்றாள் மெதுவாக. சியூ லானுக்கு அது எந்த மொழி என்று பட்டதோ என்னவோ, மகளா என்று மட்டும் கேட்டாள். மகள்தான். பிள்ளை பிறந்திருக்கிறது. பெண் குழந்தை.

அதைச் சியூ லான் கிழவியின் காதில் குனிந்து உரக்கச் சொன்னாள். கிழவி கேட்டுக்கொண்டாள். கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, பவளத்தைக் காட்டி, சீனத்தில் நீளமாக என்னவோ சொன்னாள். சியூ லான் சங்கடமாகச் சிரித்தாள்.

"உங்கம்மா இருக்காங்களான்னு கேக்கறாங்க."

"இல்ல. போன வருஷம் போயிட்டாங்க."

அது சீனமாகிக் கிழவியின் காதுக்குள் போயிற்று. கிழவியின் கண்கள் பவளத்தின் முகத்தைவிட்டு நகரவில்லை. மறுபடியும் பேசினாள், இந்தத் தடவை இரண்டே வார்த்தையோ மூன்றோ.

"உங்கம்மா உங்கள நல்லா பாத்துக்கிட்டாங்களான்னு கேக்கறாங்க."

கரண்டி கிண்ணத்தில் இடித்துச் சத்தம் போட்டது. கிழவிக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இப்படி ஒரு கேள்வி வருமா? பவளம் கேட்க வந்த கேள்வி ஒன்று, அது தொண்டையிலேயே கிடக்க, எதிரிலிருந்து வேறொரு கேள்வி வந்து நிற்கிறது, அதற்குப் பதில் சொல்லக் கூடியவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். வீரம்மாவின் பால்வெட்டுக் கத்தி ஞாபகம் வந்தது. மஞ்சள் காமாலையில் கிடந்தபோது கீழாநெல்லி தேடி ஆற்றங்கரை முழுக்க அலைந்தது, தனக்குக் காதில் பித்தளையைப் போட்டுக்கொண்டு இவளுக்குத் தோடு செய்தது, பெண் பார்க்க வந்தவர்கள் சீனத்தியா என்று இழுத்தபோது, எந்திரிச்சுப் போங்கய்யா என்று காப்பித் தட்டைப் பிடுங்கிக்கொண்டது. எதைச் சொல்வது? எல்லாவற்றையும் மலாயில் சொல்ல முடியாது.

"நல்லா பாத்துக்கிட்டாங்க" என்றாள். கண் நிறைந்து மேசை கலங்கியது. "ரொம்ப நல்லா பாத்துக்கிட்டாங்க. ஒரு கொறையும் வைக்கல. சொல்லுங்க அக்கா, அப்படியே சொல்லுங்க."

சியூ லான் சொன்னாள். கிழவி மெதுவாகத் தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அழாதீங்க தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சியூ லான் கைத்துணியை நீட்டினாள். "உங்க வயசுல எந்தப் பொம்பள உள்ள வந்தாலும் அம்மா இதேதான் கேப்பாங்க. ஊர்ல கடையில இருந்தப்பவும் கேப்பாங்க, இங்க வந்தும் கேக்கறாங்க. முன்னெல்லாம் சின்னப் பொண்ணுங்கள கேட்டாங்க, இப்ப உங்கள மாதிரி வயசானவங்கள. ஏன்னு எங்களுக்கே தெரியாது. வயசாச்சு, விடுங்க."

"எல்லாரும் என்ன சொல்லுவாங்க?"

"நீங்க சொன்னதுதான். நல்லா பாத்துக்கிட்டாங்கன்னு. வேற என்ன சொல்லுவாங்க?"

காப்பிக்கடைக்கு வந்த சின்னப் பெண்கள், பிறகு கல்யாணமான பெண்கள், பிறகு நரைத்த பெண்கள். கிழவி வருஷம் தவறாமல் வயசைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள், ஒரு வருஷம்கூடக் கணக்குத் தப்பவில்லை. செத்துப்போன பிள்ளைக்கு யாராவது இப்படி வயசு ஏற்றிக்கொண்டு போவார்களா? இது சியூ லானுக்கு ஏன் தோன்றவில்லை, யாருக்குமே ஏன் தோன்றவில்லை? தோன்றக்கூடிய ஒரே ஆள் அதே மேசையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எத்தனையோ பேர் மரியாதைக்காகச் சொன்ன பதிலோடு அவள் சொன்ன நிஜமும் போய்ச் சேர்ந்துகொண்டது, இனி அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. பவளம் கிழவியின் கையைப் பிடித்தாள், எலும்பும் சூடுமாக இருந்தது.

கதவு திறந்தது. குடையை உதறிக்கொண்டு ஒரு சீனப் பெண்மணி வந்தாள், அறுபது இருக்கும், பொட்டலம் வாங்கிப் போக வந்தவள். கிழவி பவளத்தின் கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். கழுத்தை நீட்டி அந்தப் பெண்மணியைப் பார்த்தாள். சியூ லானின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவளைக் கூப்பிடு என்பது போல் விரலை ஆட்டினாள்.

"அது அவங்க இல்லம்மா" என்றாள் பவளம், தமிழில். "நான்தான்."

சியூ லான் திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல அக்கா" என்று பவளம் மலாயில் சொன்னாள். "சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்."